கதவு திறந்தது, கார் கிளம்பவில்லை

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருந்த ஒரு சனிக்கிழமை இரவு. தேக்கா நிலையத்தின் கார்நிறுத்துமிடத்தில் பாட்டி, பூச்சரம், நான்கு பை துணிமணியோடு காரில் உட்கார்ந்திருந்தோம். அப்பா பொத்தானை அழுத்தினார். சாவியைக் காணோம் என்றது திரை. சாவியோ கண்ணெதிரே, குவளை வைக்கும் குழியில் கிடந்தது.

எத்தனை முறை அழுத்தியும் அதே பதில்தான். இழுவை வண்டியை அழைக்கப்போன அப்பாவிடம் கைப்பேசியை வாங்கி, சின் மிங்கில் பட்டறை வேலை பார்க்கும் சித்தப்பாவை அழைத்தேன்.

“கதவு எப்படித் திறந்துச்சு?” என்றார் முதலில்.

“ரிமோட்டை அழுத்துனதும் திறந்துச்சு, சித்தப்பா.”

“அப்ப சாவி பேட்டரி நல்லாத்தான் இருக்கு. டேஷ்போர்டு விளக்கு மங்குதா?”

“இல்ல.”

“கார் பேட்டரியும் இல்ல. சாவி பக்கத்துல என்னம்மா இருக்கு?”

என் கைப்பேசி. அதன் முதுகில் ஒட்டியபடி மின்னூட்டிக்கொண்டிருந்த கம்பியில்லா பவர் பேங்க். இரண்டையும் எடுத்துப் பின்னால் பாட்டியின் பைக்குள் போட்டேன். அடுத்த அழுத்தலில் கார் கிளம்பியது.

பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் எனக்குக் கொஞ்சம் வெட்கம்தான். பொத்தானை அழுத்தியதும் காருக்குள் இருக்கும் ஆண்டெனாக்கள் 125 அல்லது 134 கிலோஹெர்ட்ஸ் அலையில் சாவியைக் கூப்பிடும். அந்த அலை ஓரிரு மீட்டர்தான் எட்டும். சாவி அதைக் கேட்டு, ரகசியக் கணக்கு ஒன்றைப் போட்டு, விடையை வேறோர் அலைவரிசையில், பெரும்பாலும் 433 மெகாஹெர்ட்ஸில், அனுப்பும். விடை சரியாக இருந்தால்தான் இம்மொபிலைசர் இயந்திரத்தை ஓடவிடும். பல கம்பியில்லா மின்னூட்டிகள் இயங்குவதோ சுமார் 110 முதல் 205 கிலோஹெர்ட்ஸ் வரை. அந்த இரைச்சலில் கார் கூப்பிட்டது சாவிக்குக் கேட்கவே இல்லை. கதவைத் திறக்கும் ரிமோட் பொத்தானுக்கு இந்த அழைப்பே தேவையில்லை.

பட்டறையிலும் இதே வழிதான் என்றார் சித்தப்பா. முதலில் மாற்றுச் சாவி. அது வேலை செய்தால் கோளாறு காரில் இல்லை. சாவியின் பேட்டரி செத்திருந்தால், பல கார்களில் சாவியைப் பொத்தானோடு ஒட்டிப் பிடித்தாலே போதும். உள்ளிருக்கும் சில்லு காரிடமிருந்தே மின்சாரம் வாங்கிக்கொள்ளும். சாவி திருகும் பழைய கார், ஓரிரு விநாடி ஓடி அணைந்தால் இம்மொபிலைசர்மீது சந்தேகம். ஸ்கேனரில் பி0513 என்று வந்தால், சாவியைக் கார் ஏற்கவில்லை என்று பொருள். அதைப் பார்க்காமலேயே புதுச் சாவிக்குப் பணம் கட்டுபவர்கள் உண்டாம்.

இவ்வளவு தொல்லை எதற்கு என்று பாட்டி கேட்டார். கனடாவில் 2007 முதல் புதுக் கார்களுக்கு இம்மொபிலைசர் கட்டாயம். அமெரிக்காவில் அப்படியில்லை. அது பொருத்தப்படாத கியா, ஹியுண்டாய் கார்களை யூஎஸ்பி கம்பியின் முனையால் திருகியே ஓட்டிப்போனார்கள். 2022இல் அது டிக்டாக்கில் பரவியது. சாவியில்லா முறையும் அசைக்க முடியாததல்ல. 2011இல் சூரிக் ஆய்வாளர்கள், கார் கூப்பிடும் அந்த அலையைத் தூரத்தில் இருக்கும் சாவிக்குக் கடத்திக்காட்டினார்கள். சோதித்த 10 வகைக் கார்களும் ஏமாந்தன.

பாட்டிக்கு இதில் பாதிதான் புரிந்தது. அப்பா இப்போது சாவியைச் சட்டைப் பையில்தான் வைக்கிறார். என் பவர் பேங்க்குக்கு முன்னிருக்கையில் இடமில்லை.