வளவில் நாய்க்குப் பாதுகாப்பு

வயலையும் தோட்டத்தையும் காவல் செய்யும் நாய், நாளின் பெரும் பகுதியைக் கழிப்பது வீட்டு வளவிலேயாகும். அதனை நாய்க்கு ஏற்றவாறு அமைத்தல் கமக்காரரின் கடமையாகும்.

நாய் மனிதரைப் போல உடல் வியர்த்துக் குளிர்வதில்லை. மூச்சிரைத்தே சூட்டைத் தணிக்கும். ஆதலின் வேம்பு அல்லது பூவரசு நிழலில் மணல் பரப்பி, அருகே மட்பாத்திரத்தில் நாடோறும் புது நீர் வைத்தல் வேண்டும். பகல் முழுதும் கட்டியிருக்கும் நாய் சினமுறும். படலையை அடைத்து அவிழ்த்துவிடின் ஓடி மகிழும்.

கிணற்றுக்கு 3 அடி உயரக் கட்டு அவசியம். மஞ்சள் அலரியின் விதை, இலை, பால் யாவும் இருதயத்தைத் தாக்கும் நஞ்சாகும். வேலியிலிருந்து அதனை அகற்றிக் கிளுவைக் கதிகால் நாட்டலாம்.

பெருங்கேடு விளைவிப்பவை பூச்சிநாசினியும் எலிப்பாசாணமுமே. எஞ்சிய மருந்தையும் வெறும் போத்தலையும் பூட்டிய பெட்டியில் வைக்க. தெளிகருவி கழுவிய நீரை வளவில் ஊற்றற்க. நஞ்சுண்டு இறந்த எலியை ஆழப் புதைக்க. அதனைத் தின்னும் நாயும் இறத்தல் கூடும்.

நாய் நஞ்சுண்டதாகக் கண்டால், தாமாக வாந்தியெடுப்பிக்க முயலாது, மருந்துப் போத்தலையும் எடுத்துக்கொண்டு மிருக வைத்தியரிடம் விரைக. ஆண்டுதோறும் விசர்நோய்த் தடுப்பூசி ஏற்றுவித்தலையும் மறவற்க.