நீள்வட்டத்துள் மூன்றெழுத்து

அப்புத்தளையிலே இரும்பு நெடுநாள் இரும்பாக இருப்பதில்லை. தெற்கே வெல்லவாயாச் சமவெளியிலிருந்து ஏறிவரும் காற்று மலைமுதுகில் மோதிக் குளிர்ந்து, பிற்பகலானதும் மூடுபனியாகிக் கடைத்தெருவுக்குள் புகுந்து, தகரக் கூரையையும் ஜன்னல் கம்பியையும் டிரங்குப் பெட்டியின் பூட்டையும் ஒருசேர நனைத்துவிட்டுப் போகின்ற இந்த ஊரில், ஒரு கத்தரிக்கோலைக் காப்பாற்றுவதற்கே வாரந்தோறும் எண்ணெய் வேண்டியிருக்கிறது. அப்படியானால் முக்கால் நூற்றாண்டுக்கும் மேற்பட்ட ஒரு ரிவோல்வரைக் காப்பாற்றுவது எவ்வளவு பிரயாசையான காரியம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

என் நண்பரொருவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். அவருடைய தந்தையார் இப்பகுதித் தேயிலைத் தோட்டமொன்றில் பெரிய கிளாக்கராக இருந்து, தொண்ணூறு வயதைக் கடந்து வாழ்ந்து, சென்ற ஆண்டு காலமானார். தோட்டத்தை விட்டுச் சீமைக்குப் புறப்பட்ட ஒரு வெள்ளைக்காரத் துரை, சம்பளப் பணம் கொண்டுவரும் நாட்களில் துணைக்கு இருக்கட்டுமென்று முறைப்படி பெயர்மாற்றிக் கொடுத்துவிட்டுப் போன ரிவோல்வர் ஒன்று அவரிடம் இருந்தது. அந்திமக் கிரியைகள் முடிந்து பெட்டியைத் திறந்தபோது, தோலுறைக்குள் துப்பாக்கியும், அதன் கீழே ஆண்டுக்கு ஆண்டு முத்திரை குத்தப்பட்ட லைசன்ஸ் புத்தகமும் இருந்தன. நண்பர் அதைத் தொடாமல் பெட்டியை மூடிவிட்டு, நேரே பொலிஸ் நிலையத்துக்குச் சென்று தகவல் சொன்னார். அவர் செய்த காரியங்களிலெல்லாம் உத்தமமான காரியம் அதுவேயென்று நான் கருதுகிறேன்.

ஏனெனில் துப்பாக்கி மற்ற பிதுரார்ஜித சொத்துகளைப் போன்றதன்று. வீடும் நிலமும் நகையும் தந்தையிடமிருந்து மகனுக்கு வருவதுபோல அது தானாக வந்துவிடாது. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கத் துப்பாக்கிகள் பற்றிய கட்டளைச் சட்டம் பிற்காலத் திருத்தங்களோடு இன்றும் அமலில் இருக்கிறது. அதன்படி அனுமதி மனிதனுக்கே அளிக்கப்படுகிறது; டிசம்பர் 31ஆம் தேதியோடு காலாவதியாகி வருஷந்தோறும் புதுப்பிக்கப்பட வேண்டியது; அனுமதி பெற்றவர் மறைந்தால் அந்த அனுமதியும் அவரோடு மறைகிறது. ஆகவே அப்பாவின் துப்பாக்கி என்ற பாசத்தினாலே அதைப் பரண்மேல் ஒளித்துவைப்பவர், தம்மை அறியாமலே குற்றவாளியாகிறார். முதலில் பொலிஸ், பிறகு கச்சேரி, அதன்பிறகே எண்ணெயும் துணியும் என்பதை இந்த விஷயத்தில் முதற் பாடமாகக் கொள்ள வேண்டும்.

இந்த மலைகளிலே துப்பாக்கிக்கு ஒரு நீண்ட சரித்திரம் உண்டு. பதுளையில் அரசாங்க உதவி ஏஜெண்டாக இருந்த மேஜர் ரோஜர்ஸ் சுட்டுவீழ்த்திய யானைகள் 1,400க்கு மேல் என்று கணக்குச் சொல்லப்படுகிறது. அவர் 1845ஆம் ஆண்டு இதே அப்புத்தளையில் இடி விழுந்து மாண்டார். அவர் ஞாபகமாகவே பதுளையில் புனித மாற்கு ஆலயம் எழுப்பப்பட்டது. 1900இல் தோன்றி 1949இல் கலைக்கப்பட்ட இலங்கைத் தோட்டக்காரர் துப்பாக்கிப் படையில் எத்தனையோ துரைமார் சேர்ந்திருந்தனர். முதல் உலக யுத்தத்தின் தொடக்கத்தில் 8 அதிகாரிகளும் 229 வீரர்களுமாக அப்படையின் ஒரு பிரிவு எகிப்துக்குக் கப்பலேறியது. பங்களாவின் மேசை அறைக்குள் ரிவோல்வர் குடியிருந்ததற்கு யுத்தம் ஒரு காரணம், வேட்டை ஒரு காரணம், சம்பளப் பணம் ஒரு காரணம், பயம் ஒரு காரணம். ஆனால் லயத்தில் வாழ்ந்தவர்களுக்குத் துப்பாக்கி என்பது எப்போதும் எதிர்ப்பக்கத்திலிருந்து நீட்டப்பட்ட பொருளாகவே இருந்தது. 1940 ஜனவரியிலே முல்லோயாத் தோட்டத்தில் பொலிசாரின் குண்டுக்குக் கோவிந்தன் என்ற தொழிலாளி பலியானதை மலையகம் இன்றும் மறக்கவில்லை. ஆகையால் இத்தகைய ஆயுதமொன்று ஒரு தமிழ்க் குடும்பத்தின் பெட்டிக்குள் வந்து சேர்ந்தால், அதை ஆயுதமாகப் பாராமல் சாசனமாகப் படிக்க வேண்டிய கடமை நமக்கு இருக்கிறது.

அடையாளம் காணுதல்

பொலிஸ் நிலையத்திலே, பொறுப்பதிகாரியின் முன்னிலையில், அவருடைய மேசைமேல் விரித்த பழைய பத்திரிகைத் தாளின்மீது அந்த ரிவோல்வர் வைக்கப்பட்டது. நண்பரின் வேண்டுகோளுக்காக நானும் போயிருந்தேன். அதிகாரி முதலிற் செய்ததையே இங்கும் முதலிற் சொல்கிறேன். குழலை ஆளில்லாத சுவர்ப்பக்கம் திருப்பி, விசையில் விரல் படாமல் பிடித்து, வலப்புறத்திலுள்ள சிறு கதவைத் திறந்து, குதிரையைப் பாதி பின்னிழுத்து உருளையை மெல்லச் சுழற்றி, ஒவ்வொரு அறையாகக் கண்ணால் பார்த்து, விரல்நுனியாலும் தொட்டுப் பார்த்தார். 'ஒன்றுமில்லை' என்று பரம்பரை பரம்பரையாகச் சொல்லப்பட்டு வந்த துப்பாக்கியில் ஒரு ரவை தங்கியிருந்து உயிரைக் குடித்த சம்பவங்கள் உலகமெங்கும் உண்டு. உருளை துருவேறிச் சுழல மறுத்தால், அதற்குமேல் பலாத்காரம் செய்யாமல், தேர்ந்த ஆயுதத் தச்சரிடம் விட்டுவிடுவதே அறிவுடைமை.

துப்பாக்கி சிறியது, கோட்டுப்பையில் அடங்கிவிடும். குழல் இரண்டரை அங்குலந்தான். உருளையில் ஐந்தே அறைகள். ஒருகாலத்தில் முழுவதும் நிக்கல் முலாம் பூசியிருந்திருக்க வேண்டும்; இப்போது முலாம் அங்கங்கே கொப்பளித்து உரிந்து, அடியிலிருந்து செந்துரு எட்டிப் பார்த்தது. உருளைக்கு மேலே ஓடும் பட்டையில் ஆங்கில எழுத்துகளில் 'பிரிட்டிஷ் புல்டாக்' என்று பொறித்திருந்தது.

நண்பர் அதைக் கண்டதும் முகம் மலர்ந்து, "பாருங்கண்ணே, பிரிட்டிஷ்னுதானே போட்டிருக்கு. முதல் யுத்தத்துல அதிகாரிங்க வச்சிருந்த வெப்லின்னு அப்பா சொன்னது சரிதானே?" என்றார்.

ஒரு மகனின் முகமலர்ச்சியைக் குறைப்பது பிரியமான வேலையன்று. என்றாலும் உண்மையை மறைப்பது அதைவிடப் பெரிய குறை. அந்த யுத்தத்திலே பிரிட்டிஷ் படைக்குரிய வெப்லி வேறு ஜாதி. 1915இல் ஏற்கப்பட்ட அதன் ஆறாம் மாதிரி ஆறு அங்குலக் குழலும் ஆறு அறையும் உடையது. ஒரு கிலோவுக்குமேல் நிறை. மேலே உள்ள தாழை அழுத்தினால் கீல் போட்ட கதவுபோல நடுவில் மடிந்து திறக்கும். அரசாங்க உடைமைக்கு அடையாளமாக அகன்ற அம்புக்குறி பொறித்திருக்கும். இதுவோ மடியாத ஒற்றைச் சட்டம் உடையது. புல்டாக் என்ற பெயரில் இத்தகைய குட்டைக் கைத்துப்பாக்கியை பர்மிங்ஹாம் நகரத்து வெப்லி கம்பனியார் 1872இல் வெளியிட்டது மெய்தான். அது உலகமெங்கும் விலைபோயிற்று. அமெரிக்க ஜனாதிபதி ஜேம்ஸ் கார்ஃபீல்டை 1881 ஜூலை 2ஆம் தேதி சுட்டதும் இவ்வகைத் துப்பாக்கியேயாகும். ஆனால் நன்றாக விலைபோகும் சரக்குக்குப் போலி பிறப்பது உலக வழக்கம். பெல்ஜியத்திலும் அமெரிக்காவிலும் பிற தேசங்களிலும் அதே வடிவத்தை வார்த்து, அதே பெயரையும் பொறித்து, மலிவு விலைக்கு விற்றார்கள்.

ஆகையால் பெயரை நம்பாமல் முத்திரையைத் தேட வேண்டும். உருளையின் பின்விளிம்பிலே எண்ணெய்ப் பிசுக்கும் களிம்பும் மூடிக் கிடந்த இடத்தை மெல்லிய துணியால் ஒற்றியெடுத்து, கைவிளக்கின் ஒளியைச் சாய்வாக விழச்செய்து, உருப்பெருக்குக் கண்ணாடி வழியே நோக்கினோம். அரிசிமணி அளவு நீள்வட்டமொன்று தெரிந்தது. அதனுள் ஈ, எல், ஜீ என்ற மூன்று ஆங்கில எழுத்துகள். அதன் தலையில் ஒரு கிரீடம். அது பெல்ஜிய நாட்டு லியேஜ் நகரச் சோதனைச் சாலையின் முத்திரை. 1672 முதல் துப்பாக்கிகளைச் சோதித்து முத்திரையிட்டு வரும் ஸ்தாபனம் அது. கிரீடம் 1893இல்தான் அந்த முத்திரையின்மேல் ஏறியது. ஆகவே இத்துப்பாக்கி அதற்கு முற்பட்டதன்று. அப்புத்தளைக்கு ரயில்பாதை வந்ததும் அதே 1893இல்தான் என்பதை நினைத்தபோது, அந்தக் குட்டித் துப்பாக்கி எந்தத் துரையின் பெட்டியில் எந்த வண்டியில் ஏறி வந்ததோ என்று என் மனம் சற்று நேரம் அலைந்தது.

பிற முத்திரைகளையும் வாசகர்கள் அறிந்திருப்பது நலம். கிரீடத்தின்கீழ் குறுக்கிட்ட இரு செங்கோல்கள் தெரிந்தால், 1813இல் நிறுவப்பட்ட பர்மிங்ஹாம் சோதனைச் சாலையை நினைக்க வேண்டும். கிரீடத்தின்கீழ் ஜீ, பீ என்ற எழுத்துகள் பின்னிக் கிடந்தால் அது லண்டன். என், பீ என்ற எழுத்துகள் இருந்தால் புகையற்ற வெடிமருந்தின் வேகத்துக்குச் சோதிக்கப்பட்டது என்று பொருள். இங்கிலாந்தில் செய்யப்பட்டதன்று என்று பொருள்படும் ஆங்கில வாசகமே 1925க்குப் பிறகு அங்கே சோதிக்கப்பட்ட அந்நிய நாட்டுத் துப்பாக்கிகளில் பொறிக்கப்பட்டதுண்டு. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த யாரும் படிக்கக்கூடிய இந்த நுண்ணிய எழுத்துகளே துப்பாக்கியின் ஜாதகம். பெரிய எழுத்து வியாபாரத்துக்காகப் பொறிக்கப்பட்டது. சின்ன எழுத்து சத்தியத்துக்காகப் பொறிக்கப்பட்டது.

துப்புரவு செய்தல்

துருவைக் கண்டவுடன் உப்புத்தாளை எடுப்பவர்களே பழம்பொருள்களின் முதற் சத்துரு. தேய்த்தால் துரு போகும். அதோடு அரிசிமணி அளவுள்ள அந்த நீள்வட்டமும் போகும். வீட்டு வெண்கலத்துக்குப் பூசும் பிராசோவும் இதற்கு ஆகாது. நிக்கலின் அடியிலுள்ள செம்புப் பூச்சை அதிலுள்ள நவச்சாரச் சத்து அரித்து, எஞ்சிய முலாமையும் உரித்துவிடும். தேங்காயெண்ணெய் நாளடைவில் சிக்குப்பிடித்துப் பிசினாகும். தையல் மெஷினுக்கு விடும் மெல்லிய எண்ணெயே உகந்தது. அதைத் துருவின்மேல் ஒரு சொட்டு வைத்து, ஓர் இரவு ஊறவிட்டு, மறுநாள் பருத்தித் துணியால் ஒற்றியெடுத்து, மீண்டும் ஒரு சொட்டு வைத்து, இப்படிப் பலநாள் பொறுமையாகச் செய்தால் உயிருள்ள செந்துரு கழன்றுவரும். உறைந்து கருத்துப்போன பழுப்பு நிறத்தை அப்படியே விட்டுவிட வேண்டும். அது அழுக்கன்று, வயது.

குழலின் உட்புறத்துக்கு வேறு வைத்தியம் தேவை. அந்தக் காலத்து ரவைகளின் அடியிலே தீப்பொறி எழுப்புவதற்கு வைத்த மருந்தில் பொட்டாசியம் குளோரேற்று சேர்ந்திருந்தது. அது வெடித்தபின் ஒருவகை உப்பாகிக் குழலுக்குள் படிந்துவிடும். அப்புத்தளை அடுக்களையில் உப்புச்சாடி நீர்விடுவதைக் கண்டவர்களுக்கு அந்த உப்பு இரும்பை என்ன செய்யும் என்று விளக்க வேண்டியதில்லை. உப்பு எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். ஆகவே சோப்புக் கலந்த வெந்நீரில் பிழிந்த துணித்துண்டைக் குழலிலும் அறைகளிலும் பலமுறை செலுத்தி, ஈரம் துளியுமின்றி உலர்த்தி, அதன்பின்பே எண்ணெய் பூச வேண்டும். மரப்பிடியைத் தண்ணீர் அணுகலாகாது. திருகாணியின் வாய்க்குச் சரியாகப் பொருந்தாத திருப்புளியை எடுப்பதைவிட, திருகாணியைத் தொடாமலே இருப்பது மேல்.

தோலுறை துப்பாக்கியின் வீடென்று எண்ணுவது பெரும் பிழை. பதனிட்ட தோலிலுள்ள அமிலமும் அது குடித்து வைத்திருக்கும் ஈரமும் சேர்ந்தே நண்பரின் துப்பாக்கியை ஒருபக்கமாக அரித்திருந்தன. உறை தனியே, துப்பாக்கி தனியே இருக்க வேண்டும். பழைய ரவைகள் எவையேனும் பெட்டியில் அகப்பட்டால், அவற்றைத் துடைக்கவும் பிரிக்கவும் முற்படாமல் பொலிசாரிடம் ஒப்படைத்துவிட வேண்டும்.

மதிப்பு

"அப்படின்னா இதுக்கு விலை ஒன்னும் கெடையாதா?" என்று நண்பர் கேட்டார். குரலில் ஏமாற்றம் இருந்தது, பேராசை இல்லை. தந்தையின் சொல் தோற்றுவிட்டதே என்ற வருத்தம் அது.

ஆயுதத்தின் நிலையை மதிப்பிடுகிறவர்கள் சில அம்சங்களைப் பார்ப்பார்கள். குதிரை ஏறியபின் உருளை ஆடாமல் நிற்கிறதா, ஒவ்வொரு அறையும் குழலின் வாய்க்கு நேராக வருகிறதா, அறைச் சுவரில் மயிரிழை வெடிப்பு உண்டா, குழலுக்குள் சுருண்டோடும் பள்ளங்கள் கூர்மையாக இருக்கின்றனவா, இலக்கங்கள் ஒன்றோடொன்று ஒத்திருக்கின்றனவா, பிற்காலத்தில் யாரேனும் புதுமெருகு பூசிக் கெடுத்திருக்கிறார்களா என்பவை அவை. நண்பரின் துப்பாக்கியில் உருளை ஆடியது. குழலின் உட்புறம் அம்மைத் தழும்பு கண்ட முகம்போல் இருந்தது. அது கருமருந்துக் காலத்தின் மெல்லிய இரும்பு. இக்காலத்து ரவையை அதிலிட்டால் எதிரே நிற்பவனுக்கு முன் பிடித்திருப்பவனுக்கே ஆபத்து. சுட்டுப் பார்த்தல் என்ற சொல்லுக்கே இங்கு இடமில்லை. சந்தை விலையும் சொற்பமே. அனுமதியுள்ளவரன்றி வேறெவரும் வாங்க முடியாத ஒரு பொருளுக்குச் சந்தை எங்கே இருக்கிறது?

ஆனால் அந்த லைசன்ஸ் புத்தகத்தை நான் விரித்துப் பார்த்தேன். ஒவ்வோராண்டும் ஒரு முத்திரை, ஒரு கையெழுத்து. ஆங்கிலத்தில் தொடங்கிய எழுத்து இடையிலே சிங்களமாகியது. தோட்டத்தின் முகவரி இருந்த இடத்தில், 1975இல் தோட்டங்கள் அரசுடைமையானபின் வேறொரு முகவரி. எல்லாப் பக்கத்திலும் மாறாதிருந்தது ஒரு தமிழ்க் கிளாக்கரின் பெயர் மாத்திரமே. லயங்களிலும் ஸ்டாப் குவாட்டர்ஸ்களிலும் வாழ்ந்து மறைந்த நம்மவர்களுக்கு ஊர்ப் பதிவேடும் இல்லை, கல்வெட்டும் இல்லை, வம்ச சரித்திரமும் இல்லை. இத்தனை வருஷம் தொடர்ச்சியாகத் தேதியிட்டு ஒருவரின் பெயரைச் சொல்லும் காகிதம் எத்தனை குடும்பங்களில் இருக்கும்? லியேஜ் நகரத்து மலிவுத் துப்பாக்கி வெப்லியாக இருந்திருந்தாலும் அந்தக் காகிதத்தின் மதிப்பு ஒரு குன்றிமணிகூட ஏறியிராது. வெப்லியாக இல்லாததனால் குறையவுமில்லை. அவருடைய தந்தையார் பொய் சொல்லவில்லை. துரை சொன்னதை நம்பினார், துரையும் தான் வாங்கிய கடைக்காரன் சொன்னதை நம்பியிருக்கலாம்.

இதையெல்லாம் நண்பரிடம் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு துப்பாக்கியை அரசாங்கத்திடமே விட்டுவிடுவதாகவும், புத்தகத்தைத் தாம் வைத்துக்கொள்ள விரும்புவதாகவும் பொறுப்பதிகாரியிடம் கூறினார். இக்காலத்தில் ரிவோல்வருக்குரிய அனுமதி பாதுகாப்பு அமைச்சின் கையில் இருப்பதையும், சுடுவதற்கு உதவாத ஒன்றுக்காக அத்தனை படிகளும் ஏறுவது அவசியமில்லை என்பதையும் அதிகாரியும் எடுத்துச் சொன்னார். புத்தகத்தின் பிரதியொன்றை எடுத்துக்கொண்டு, மூலத்தை நண்பரிடமே திருப்பிக் கொடுத்தார்.

புறப்படும் முன்பு நண்பர் சட்டைப்பையிலிருந்து ஒரு மெல்லிய வெள்ளைத்தாளை எடுத்தார். வகுப்பில் பிள்ளைகளுக்கு நாணயத்தின்மேல் தாளை வைத்துத் தேய்த்துக் காட்டிய அதே பழக்கத்தோடு, உருளையின் விளிம்பில் தாளை அழுத்திப் பிடித்து, பென்சிலைச் சாய்த்து மெதுவாகத் தேய்த்தார். சாம்பல் நிறத்தின் நடுவே கிரீடமும் நீள்வட்டமும் மூன்றெழுத்தும் வெள்ளையாக எழுந்தன. தாளின் அடியில் அன்றைய தேதியையும் அப்பாவின் பெயரையும் எழுதி, அதை லைசன்ஸ் புத்தகத்தின் கடைசிப் பக்கத்துக்குள் வைத்து, புத்தகத்தை ஒரு பிளாஸ்டிக் உறையிலிட்டு வாயை இறுக மடித்தார். வெளியே மூடுபனி இறங்கத் தொடங்கியிருந்தது.