படுக்கையருகே ஒரு கழிப்பறை
குறைந்த செலவில் கமோடு நாற்காலியைத் தூய்மையாகவும் நாற்றமின்றியும் பேணும் முறைகள்

பள்ளிபாளையத்தில் விசைத்தறிகளின் ஓசை இரவிலும் ஓய்வதில்லை. தறிக்கூடங்களை ஒட்டி அமைந்த வரிசை வீடுகள் பலவற்றில் ஓர் அறையும் ஒரு சமையற்கட்டும்தான் இடம். கழிப்பறையோ வீட்டுக்கு வெளியே, முற்றத்தின் கோடியில், பல குடும்பங்களுக்குப் பொதுவாக இருக்கும். நலமாக இருப்பவர்களுக்கு அந்த இருபது அடித் தொலைவு ஒரு பொருட்டன்று. பக்கவாதம் கண்டவருக்கும், இடுப்பெலும்பு முறிந்து அறுவை செய்துகொண்டவருக்கும் அதே தொலைவு இரவு இரண்டு மணிக்குக் கடக்கவியலாத வழியாகிவிடுகிறது.

இத்தகையோருக்குப் படுக்கையருகே ஒரு கமோடு நாற்காலியை வைத்துக்கொள்ளுமாறு நாங்கள் பரிந்துரைக்கிறோம். பெரும்பாலான குடும்பத்தினர் வாங்கியும் விடுகின்றனர். ஆயினும், மறுமுறை பரிசோதனைக்கு வரும் நோயாளிகள் சிலரின் நாக்கு வறண்டிருப்பதையும், சிறுநீர் அடர் மஞ்சளாகச் செல்வதையும் காண்கிறோம். தனியே அழைத்து விசாரித்தால், தயங்கித் தயங்கி உண்மையைச் சொல்கிறார்கள். பிள்ளைகள் உண்ணும் அறையிலேயே நாற்றம் எழுகிறதென்று கூச்சப்பட்டு, மாலைக்கு மேல் தண்ணீர் குடிப்பதையே அவர்கள் நிறுத்திவிடுகிறார்கள். சிலர் இரவு உணவையும் குறைத்துக்கொள்கிறார்கள். இதன் விளைவாக மலச்சிக்கலும், சிறுநீர்ப்பாதைத் தொற்றும், எழுந்து நிற்கும்போது தலைசுற்றி விழுவதும் நேர்கின்றன. ஆகவே நாற்காலியின் தூய்மையையும் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே நாங்கள் கருதுகிறோம்.

திரைப்படப் படப்பிடிப்புகளுக்கு வரும் கேரவன் வண்டிகளை நம்மில் பலர் பார்த்திருப்போம். அவற்றினுள் உள்ள சிறு கழிப்பறைக்கும் நம் வீட்டுக் கமோடு நாற்காலிக்கும் சிக்கல் ஒன்றே: சிறிய கலம், குறைந்த நீர், அடைபட்ட இடம். சில வண்டிகளில் விலை மிகுந்த இரசாயனத் திரவத்தை ஊற்றி நாற்றத்தை அடக்குகிறார்கள். கழிவைப் பல நாட்கள் தேக்கி வைப்பதால் அங்கே அது தேவைப்படுகிறது. நம் வீட்டில் அவ்வப்போது அகற்றிவிட முடியுமாதலால் அத்தகைய திரவங்களுக்குச் செலவிட வேண்டியதில்லை.

நாற்றம் எங்கிருந்து வருகிறது?

புதிதாக வெளியேறிய சிறுநீரில் மணம் குறைவு. அதிலுள்ள யூரியாவை நுண்ணுயிரிகள் சிதைத்து அம்மோனியாவாக மாற்றும்போதுதான் மூக்கைத் துளைக்கும் நெடி பிறக்கிறது. கலத்தின் உட்புறத்தில் நாளடைவில் வெண்மையாகவோ மஞ்சளாகவோ படியும் உப்புப் படலம் இந்நுண்ணுயிரிகளுக்கு உறைவிடமாகிறது. எனவே உடனே அகற்றுவது, படலம் சேராமல் பார்ப்பது, நன்றாக உலர்த்துவது ஆகிய மூன்றையும் செய்தால் நெடி பெரும்பாலும் தானே அடங்கிவிடும்.

அன்றாட முறை

முதலாவதாக, இரண்டு கலங்களை வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று பயன்பாட்டில் இருக்கும்போது மற்றொன்று வெயிலில் உலரட்டும். மூடியுள்ள உறுதியான சிறு பிளாஸ்டிக் வாளி நாற்காலியின் அடியில் பொருந்துமாயின் அதுவே போதும்.

பயன்படுத்துவதற்கு முன் கலத்தின் அடியில் ஒரு குவளைத் தண்ணீரும் இரண்டு துளி பாத்திரம் துலக்கும் திரவமும் இடுங்கள். மலம் அடியில் ஒட்டாது. கழுவும் வேலை பாதியாகக் குறையும்.

பயன்படுத்திய பின் உடனே மூடியிட்டு வெளியே எடுத்துச் சென்று, கழிப்பறைப் பீங்கானில் தாழ்வாகப் பிடித்துத் தெறிக்காமல் ஊற்றுங்கள். ஊற்றுவதற்கு முன் ஒரு கணம் பாருங்கள். மலம் தார்போலக் கருத்திருந்தாலோ, இரத்தம் கலந்திருந்தாலோ, சிறுநீர் சிவந்தோ கலங்கியோ இருந்தாலோ மருத்துவரிடம் தெரிவிப்பது அவசியம். இரும்புச்சத்து மாத்திரை உண்பவர்களுக்கும் மலம் கருக்கலாம்; ஆயினும் சொல்லிவிடுவதே நல்லது.

பிறகு தண்ணீரால் அலசி, சோப்புத் திரவமும் தூரிகையும் கொண்டு தேயுங்கள். இத்தூரிகையை வேறெதற்கும் பயன்படுத்தலாகாது. நாளுக்கு ஒருமுறை, கழுவி முடித்த கலத்தில் பிளீச்சிங் பவுடர் கரைசலை ஊற்றிப் பத்து நிமிடம் வைத்திருந்து, அலசி, வெயிலில் கவிழ்த்து வையுங்கள்.

கரைசல் செய்ய, ஒரு லிட்டர் தண்ணீருக்கு மட்டமாக ஒரு தேக்கரண்டி பிளீச்சிங் பவுடர் போதும். ஏறத்தாழ 3 கிராம். வயிற்றுப்போக்கு இருந்தாலோ, கழிவில் இரத்தம் கலந்திருந்தாலோ, லிட்டருக்கு 15 கிராம், அதாவது குவியலாக ஒரு மேசைக்கரண்டி, கரைத்துக்கொள்ளுங்கள். அன்றன்று செய்த கரைசலை அன்றே தீர்த்துவிடுங்கள். பவுடரைக் காற்றும் வெளிச்சமும் புகாத பிளாஸ்டிக் டப்பாவில், குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள். திறந்து கிடந்தால் அதன் வீரியம் போய்விடும். கரைசலைக் கையாளுகையில் கையுறை அணிந்து, காற்றோட்டமான இடத்தில் நில்லுங்கள். நாற்காலியின் இரும்புச் சட்டத்தை இக்கரைசலால் துடைத்தால் பின்னர் நல்ல தண்ணீரால் துடைத்துவிடுங்கள். இல்லையேல் துரு ஏறும்.

உப்புப் படலத்தை நீக்க வாரம் ஒருமுறை வினிகரோ, எலுமிச்சைச் சாறோ, வெந்நீரில் கரைத்த எலுமிச்சை உப்போ ஊற்றி அரைமணி நேரம் ஊறவைத்துத் தேயுங்கள். அன்றைய தினம் பிளீச்சிங் பவுடரைப் பயன்படுத்த வேண்டாம்.

செய்யக் கூடாதவை

பிளீச்சிங் பவுடருடன் கழிப்பறை ஆசிட், வினிகர், எலுமிச்சை, பினாயில் எதையும் கலக்காதீர்கள். ஆசிட்டுடன் கலந்தால் குளோரின் வாயு வெளியேறி மூச்சை அடைக்கும். சிறுநீர் தேங்கிய கலத்தில் அலசாமல் பிளீச்சிங் கரைசலை ஊற்றினாலும், அதிலுள்ள அம்மோனியாவுடன் சேர்ந்து நுரையீரலை உறுத்தும் வாயு உண்டாகும். சிறிய அறையில் படுத்திருக்கும் ஆஸ்துமா நோயாளிக்கு இது பேராபத்து.

நாற்றத்தை மறைக்கப் பாச்சை உருண்டை போடும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. அதிலுள்ள நாப்தலீன், பிறவியிலேயே ஜி6பிடி என்னும் நொதி குறைவாக உள்ளவர்களின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடியது. மிட்டாயென்று எண்ணிக் குழந்தைகள் விழுங்கிவிடும் அபாயமும் இருக்கிறது. ஊதுவத்திப் புகையும் இருமலைத் தூண்டும். சன்னலைத் திறந்து வைப்பதே செலவில்லாத வழி.

தண்ணீர் அரிதான வேளையில்

முசிறியில் தண்ணீர் ஊற்றாத சூழல்நலக் கழிப்பறைகளைப் பரப்பியவர் மராச்சி சுப்புராமன். அவருக்கு 2021ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. அக்கழிப்பறைகளில் சிறுநீர் தனியே பிரிந்துவிடும். மலத்தின் மீது ஒரு கை சாம்பல் தூவப்படும். சாம்பல் ஈரத்தை உறிஞ்சி நாற்றத்தையும் ஈக்களையும் தடுக்கிறது. குழாயில் தண்ணீர் வராத நாளில், உடனே அகற்ற இயலாதபோது, ஆறிய விறகுச் சாம்பலைச் சிறிது தூவி மூடிவையுங்கள். மிகுதியாகப் போட்டால் கழிப்பறைக் குழாய் அடைபடும்.

எங்கே ஊற்றுவது?

எவ்வளவு அவசரமாயினும் கழிவைத் தெருச் சாக்கடையிலோ வாய்க்காலிலோ கொட்ட வேண்டாம். அது இறுதியில் காவிரியைச் சேரும். அந்த ஆற்று நீரைத்தான் கரையோர ஊர்கள் குடிக்கின்றன. சாக்கடையைத் தூர்வாருபவரும் ஒரு மனிதரே. மனிதக் கழிவை மனிதர் கையால் அகற்றுவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. நாம் சாக்கடையில் ஊற்றினால் அவ்வேலையை யாரோ ஒருவர் தலையில் சுமத்தியவர்களாவோம்.

புற்றுநோய்க்கு மருந்தேற்றிக்கொண்டவர்களின் கவனத்துக்கு: மருந்து ஏற்றிய பின் குறைந்தது 48 மணி நேரம் சிறுநீர், மலம், வாந்தி ஆகியவற்றில் அம்மருந்து வெளியேறும். அந்நாட்களில் கலத்தைக் கையாளுபவர் கையுறை அணிய வேண்டும். கழிவை ஊற்றியபின் இருமுறை நீர் விட வேண்டும். கருவுற்ற பெண்களும் குழந்தைகளும் அப்பணியைச் செய்யலாகாது. சில மருந்துகளுக்கு இக்காலம் நீளும் என்பதால் உங்கள் செவிலியரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கலத்தைத் தொட்ட ஒவ்வொரு முறையும் சோப்பால் இருபது நொடி கை கழுவுங்கள். வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிருமிகள் சிலவற்றைக் கைத்தெளிப்பான் அழிப்பதில்லை.

நாற்காலியின் நிலையையும் வாரந்தோறும் சரிபாருங்கள். சாதாரண பிளாஸ்டிக் நாற்காலியில் துளையிட்டுப் பயன்படுத்தும் வீடுகளில், கால்கள் விரிசல் விட்டு நோயாளி விழுந்ததுண்டு. சுவரோடு ஒட்டி வையுங்கள். கால் நுனிகளில் ரப்பர் குமிழ் இருக்கட்டும். இரவில் அருகே சிறு விளக்கு எரியட்டும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வரும் செவிலியரிடமும் நாற்காலியைக் காட்டி ஆலோசனை கேளுங்கள்.

பராமரிப்போருக்கு ஒன்று. பகலெல்லாம் தறியில் நின்றுவிட்டு வந்து இப்பணியையும் செய்வது எளிதன்று என்பதை நாங்கள் அறிவோம். மகள், மருமகளோடு மகனும் முறை வைத்துக்கொண்டால் சுமை குறையும். பயன்படுத்தும்போது ஒரு சேலையையாவது திரையாகக் கட்டிவிடுங்கள். கலத்தை எடுத்துச் செல்கையில் முகம் சுளித்தால் நோயாளி அதைக் கவனிக்கிறார். அடுத்த வேளை தண்ணீரைத் தள்ளிவைக்கிறார்.

நோயாளிகளுக்கும் ஒன்று. இதயநோய், சிறுநீரக நோய் உள்ளவர்கள் மருத்துவர் சொன்ன அளவிலும், மற்றவர்கள் தாகத்துக்கு ஏற்பவும் தண்ணீர் அருந்துங்கள். கூச்சத்தின் பொருட்டு அதைக் குறைக்க வேண்டாம். நாற்காலியில் ஏதேனும் குறை இருந்தால் வீட்டாரிடம் சொல்லுங்கள். அவர்களிடம் சொல்ல இயலாதாயின், அடுத்த முறை வரும்போது எங்களிடம் சொல்லுங்கள்.