அம்மன் காசும் ஐக்கிய தேசமும்

(பத்தாம் வகுப்பு மாணவி ஒருவர்)

என் பூட்டியின் சுருக்குப் பையில் சின்னஞ்சிறு செப்புக் காசு ஒன்று இருக்கிறது. அதன் ஒரு பக்கத்தில் திருக்கோகர்ணத்துப் பிரகதாம்பாள் அமர்ந்திருக்கிறாள். மறு பக்கத்தில் 'விஜய' என்று தெலுங்கில் எழுதியிருக்கிறது. இதுவே புதுக்கோட்டை சமஸ்தானத்தின் அம்மன் காசு. இருபது காசு சேர்ந்தால் ஓர் அணா. தொண்ணூறு வயதை நெருங்கும் பூட்டி அதைக் கையில் எடுக்கும்போதெல்லாம், "ராசா கையெழுத்துப் போட்டுட்டாருன்னு கேட்ட அன்னைக்கு எங்க அப்பாரு சாப்புடல, ஆத்தா" என்பார்.

நாடு ஒன்றாவது நல்ல செய்திதானே! அதைக் கேட்டு ஒருவர் ஏன் உண்ணாமல் இருக்க வேண்டும்? இந்தக் கேள்வியே என்னை இக்கட்டுரை எழுதத் தூண்டியது.

ஒன்றுசேர்வது எளிதன்று என்பதற்கு அமெரிக்காவின் வரலாறு நல்ல சான்று. 1776ஆம் ஆண்டு பதின்மூன்று குடியேற்றங்கள் சுதந்திரப் பிரகடனம் செய்தன. ஆயினும் அவை உடனே ஒரே நாடாகிவிடவில்லை. மாநிலங்கள் தத்தம் பணத்தாள்களை வெளியிட்டன. பக்கத்து மாநிலப் பொருளுக்கு வரி விதித்தன. மைய அரசுக்கோ வரி வசூலிக்கும் அதிகாரமே இல்லை. இக்குறையைத் தீர்க்க 1787இல் பிலடெல்பியா நகரில் தலைவர்கள் கூடினார்கள். அங்கே, "பெரிய மாநிலங்கள் எங்களை விழுங்கிவிடுமே!" என்று சிறிய மாநிலங்கள் அஞ்சின. நெடிய வாதத்திற்குப் பின் ஓர் உடன்பாடு கண்டார்கள். ஒரு சபையில் மக்கள் தொகைக்கு ஏற்ப இடங்கள். மற்றொரு சபையாகிய செனட்டில் பெரியது, சிறியது என்ற வேறுபாடின்றி மாநிலத்துக்கு இரண்டு இடங்கள். அச்சம் நீங்கிய சின்னஞ்சிறு டெலவேர்தான் அரசியலமைப்பை முதலில் ஏற்றுக்கொண்டது.

ஆனால் அதே மண்டபத்தில் பெரும் பிழை ஒன்றும் நடந்தது. தென் மாநிலங்களைத் தம்மோடு வைத்துக்கொள்வதற்காக அடிமை முறையை அப்படியே விட்டுவிட்டார்கள். இடங்களைக் கணக்கிடும்போது அடிமைகள் ஐவரை மூவராக எண்ணினார்கள். யாருடைய வாழ்வு பற்றிப் பேசினார்களோ அவர்களில் ஒருவர்கூட அங்கே இல்லை. வடக்கு, தெற்கு என்று பிரிந்து நிற்காதீர்கள் என ஜார்ஜ் வாஷிங்டன் 1796இல் தம் பிரிவுரையில் எச்சரித்தார். எனினும் மூடி வைத்த புண் ஆறவில்லை. 1861 முதல் 1865 வரை உள்நாட்டுப் போர் மூண்டு ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட போர் வீரர்கள் மாண்டார்கள். அநீதியைக் காணாததுபோல் இருந்து பெறும் ஒற்றுமை நிலைக்காது என்பதையே இது காட்டுகிறது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1947இல் ஆங்கிலேயர் வெளியேறியபோது இங்கே ஐந்நூற்று ஐம்பதுக்கும் மேற்பட்ட சமஸ்தானங்கள் இருந்தன. பாதுகாப்பு, வெளியுறவு, போக்குவரத்துத் தொடர்பு ஆகிய மூன்றையும் முதலில் இந்திய அரசிடம் ஒப்படைக்குமாறு சர்தார் வல்லபாய் படேலும் அவருக்குத் துணையாக இருந்த வி.பி. மேனனும் மன்னர்களை இணங்க வைத்தார்கள். முழு இணைப்பு அதன் பின்னரே படிப்படியாக நடந்தது. ஏறத்தாழ 1,180 சதுர மைல் பரப்புடைய நம் புதுக்கோட்டையும் அவற்றுள் ஒன்று. மன்னர் ராஜகோபாலத் தொண்டைமான் 1948 மார்ச் மாதத் தொடக்கத்தில் தம் அரசை இந்தியாவுடன் இணைத்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து அல்லது இருபத்தாறுதான். போரில்லை, ஒரு துளி இரத்தமும் சிந்தவில்லை. அவருடைய அரண்மனையில்தான் இன்று மாவட்ட ஆட்சியர் அலுவலகம் நடக்கிறது.

பிறகு பூட்டியின் தந்தைக்கு என்ன வருத்தம்? தலைநகராய் இருந்த ஊர், ஒரே நாளில் திருச்சி மாவட்டத்தின் ஒரு பகுதியாயிற்று. "அதுவரைக்கும் ஒரு மனுவுன்னா நடந்துபோய்க் குடுப்போம். அப்புறம் கட்டுச்சோறு கட்டிக்கிட்டுத் திருச்சிக்குப் போகணும்" என்று பூட்டி சொல்வார். ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் பயணம்! அவர் தேசத்தை வெறுக்கவில்லை. தம் குரல் தொலைவுக்குப் போய்விட்டதே என்றுதான் வருந்தினார். இருபத்தாறு ஆண்டுகளுக்குப் பின், 1974 ஜனவரி 14 அன்று, திருச்சி, தஞ்சை மாவட்டங்களின் பகுதிகளைச் சேர்த்துப் புதுக்கோட்டை தனி மாவட்டமானது. அந்தப் பொங்கலைப் பற்றிப் பூட்டி இன்றும் முகம் மலரப் பேசுவார்.

மொழிவாரி மாநிலங்களின் கதையும் இத்தகையதே. தெலுங்கு பேசும் மக்களுக்குத் தனி மாநிலம் கேட்டுச் சென்னையில் 58 நாட்கள் உண்ணாவிரதம் இருந்த பொட்டி ஸ்ரீராமுலு 1952 டிசம்பர் 15 அன்று உயிர் நீத்தார். 1953இல் ஆந்திர மாநிலம் பிறந்தது. 1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் பெரும்பாலும் மொழி அடிப்படையில் திருத்தி அமைக்கப்பட்டபோது கன்னியாகுமரி நம்மோடு சேர்ந்தது. இப்படிப் பிரித்தால் நாடு உடைந்துவிடும் எனப் பலர் அஞ்சினார்கள். நாடு உடையவில்லை. தாய்மொழியில் பேசவும் ஆளவும் வழி கிடைத்ததால் மக்கள் இந்தியாவை மேலும் தமதாக உணர்ந்தார்கள் என்றே நான் எண்ணுகிறேன். இந்தியா மாநிலங்களின் ஒன்றியம் என்று நம் அரசியலமைப்பின் முதல் பிரிவு கூறுகிறது. மூன்றாம் பிரிவின்படி புதிய மாநிலம் அமைக்கவும் எல்லைகளை மாற்றவும் பாராளுமன்றத்திற்கு அதிகாரம் உண்டு. குடும்பம் பெருகும்போது வீட்டில் அறை தடுத்துக்கொள்வதில்லையா? கூரை ஒன்றாகவே இருக்கிறது.

தோழியரே, இவ்வளவும் எழுதிய நான் ஓர் உண்மையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கட்டட வேலைக்காக ஒடிசாவிலிருந்து வந்த குடும்பத்துப் பெண் ஒருத்தி சென்ற ஆண்டு எங்களோடு படிக்க வந்தாள். ஒரு நாள் பாடம் வாசிக்கும்போது அவள் 'பழம்' என்பதைப் 'பலம்' என்றாள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அதன் பின் பல வாரங்கள் அவள் வாய் திறந்து வாசிக்கவே இல்லை. வீட்டில் 'வாளப்பளம்' என்று சொல்லும் எனக்குச் சிரிக்க என்ன தகுதி இருந்தது? அவளுடைய ஒடியா மொழியில் என்னால் ஒரு சொல்லாவது சொல்ல முடியுமா?

அம்மன் காசைப் பூட்டியிடம் கேட்டு வாங்கிச் சென்று அவளிடம் காட்டினேன். தமிழ் பேசும் ஊரின் காசில் தெலுங்கு எழுத்து இருப்பதைச் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன். அவள் காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு பழத்துக்குத் தன் மொழியில் என்ன சொல் என்று எனக்குக் கற்றுக்கொடுத்தாள். நான் சொன்ன விதத்தைக் கேட்டு, இம்முறை அவள் சிரித்தாள்.

தேசிய ஒருமைப்பாடு என்பது டெல்லியில் மட்டும் காக்கப்படுவது என்று நான் எண்ணியிருந்தேன். அது நம் வகுப்பறையின் கடைசிப் பெஞ்சிலும் காக்கப்பட வேண்டும். ஒன்றுசேரும்போது யாருடைய குரல் தொலைவுக்குப் போகிறது என்று கவனித்து, அதை அருகே அழைப்போம். தேர் வடம் பிடிக்கும்போது எல்லாக் கைகளும் வேண்டுமல்லவா?

வாழ்க பாரதம்!