தாயின் இரத்தமும் சிசுவின் தட்டணுவும்

மனித இரத்தம் யாவும் ஒரே தன்மையதன்று என்னும் உண்மையை 1901-ஆம் வருஷத்தில் வியன்னா நகரத்துக் கார்ல் லாண்ட்ஸ்டைனர் நிலைநாட்டினார். ஏ, பி, ஓ என்னும் பிரிவுகளைப் பள்ளிச் சிறுவரும் இன்று அறிவர். 1940-இல் ஆர்.எச். பிரிவும் வெளியாயிற்று. ஆயின் இரத்தத்தைக் கட்டி நிறுத்தும் தட்டணுக்களுக்கும் இத்தகைய பிரிவுகள் உண்டென்பது படித்தவர்களிலும் பலர் அறியாத விஷயம். அறியாமையின் பலனை அனுபவிப்பவை பேசத் தெரியாத சிசுக்களாகையால், இதனை நேயர்களின் கவனத்துக்குக் கொண்டுவருவது நமது கடமையாகிறது.

ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் 1,50,000 முதல் 4,50,000 வரை தட்டணுக்கள் உள்ளன. அவற்றின் மேற்புறத்துப் புரதங்களில் மனிதருக்கு மனிதர் அற்ப வேற்றுமைகள் உண்டு. இவ்வகை அடையாளங்களில் 30-க்கு மேற்பட்டவற்றை நிபுணர்கள் எச்.பி.ஏ. என்று பெயரிட்டு வரிசைப்படுத்தியிருக்கின்றனர். அவற்றுள் பிரதானமானது எச்.பி.ஏ.-1. ஒரு புரதத்தின் 33-ஆம் ஸ்தானத்தில் லூசின் இருந்தால் அது ‘1ஏ’. புரோலின் இருந்தால் ‘1பி’. மரபணுவில் ஓர் எழுத்து மாறியதனால் விளைந்த பேதம் இது என்று 1989-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் நிரூபித்தனர்.

இந்த ஓர் எழுத்தினால் நேரும் விபரீதம் யாதெனில்: ஐரோப்பிய வமிசத்து ஸ்திரீகளில் 100-க்கு ஏறக்குறைய இருவரிடம் ‘1ஏ’ இல்லை. கருவிலுள்ள சிசு அதனைத் தந்தையிடமிருந்து பெற்றிருப்பின், தாயின் உடல் அதை அந்நியமெனக் கருதி எதிர்ப்பொருளை உண்டாக்கக்கூடும். அது நஞ்சுக்கொடி வழியே சென்று சிசுவின் தட்டணுக்களை அழிக்கிறது. ஆர்.எச். விஷயத்தில் முதற் குழந்தை பெரும்பாலும் தப்பிவிடும். இங்கோ முதற் குழந்தைக்கே ஆபத்து நேரலாம். சில சிசுக்களுக்கு மூளையில் இரத்தம் கசிந்து மரணமோ ஆயுட்கால ஊனமோ சம்பவிக்கிறது. தாயோ பூரண சுகத்துடன் இருக்கிறாள். முன்னெச்சரிக்கை ஒன்றும் கிடைப்பதில்லை.

மரபணுப் பரிசோதனையின் பெருமை இங்கேதான் விளங்குகிறது. தட்டணுவுக்கு உட்கரு இல்லை. எனினும் வெள்ளணுவிலிருந்தோ கன்னத்தின் உட்புறத்து அணுவிலிருந்தோ மரபணுவை எடுத்துப் பிரிவை நிர்ணயிக்கலாம். கருவின் பிரிவைத் தாயின் இரத்தத்தைக் கொண்டே அறியவும் வழி ஏற்பட்டுள்ளது. ஆனால் ஒரு நுட்பத்தை மறக்கலாகாது. பத்திரம் ஒருவர் பெட்டியில் இருப்பது வேறு. நிலத்தை அநுபோகத்தில் வைத்திருப்பது வேறு. அதுபோல மரபணு எல்லா அணுக்களிலும் இருப்பினும், சில அணுக்களே அதனைப் படித்துப் புரதமாக்குகின்றன. எச்.பி.ஏ.-3 அமைந்துள்ள புரதம் தட்டணு மரபுக்கே உரியது. எச்.பி.ஏ.-1 அமைந்துள்ள புரதமோ இரத்தக் குழாய்களின் உட்சுவரிலும் நஞ்சுக்கொடியின் மேலடுக்கிலும் காணப்படுகிறது. ஆகவே, சில தாய்மாரின் எதிர்ப்பொருள் தட்டணுவை அழிப்பதோடு நில்லாமல் குழாயின் சுவரையும் தாக்குகிறது. மூளைக் கசிவு இவ்வகை எதிர்ப்பொருளுடன் தொடர்புடையது என்று 2016-இல் வெளியான ஆராய்ச்சி தெரிவித்தது. எந்த அணுவில் எந்த மரபணு வேலை செய்கிறது என்னும் ஆராய்ச்சி வெறும் பண்டித வினோதமன்று என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமோ?

நார்வே தேசத்தார் 1995 முதல் 2004 வரை 1,00,448 கர்ப்பிணிகளைப் பரிசோதித்தனர். ‘1ஏ’ இல்லாதவர் 100-க்கு 2.1 வீதம் காணப்பட்டனர். எதிர்ப்பொருள் கண்ட தாய்மாருக்குச் சில வாரம் முன்னதாகவே சஸ்திர சிகிச்சையால் பிரசவம் செய்வித்து, பொருந்திய தட்டணுக்களையும் ஆயத்தமாக வைத்திருந்தனர். எதிர்ப்பொருளுள்ள தாய்மாரின் சிசுக்கள் எல்லாம் ஆபத்துக்குள்ளாவதில்லை. ஆதலால் அநாவசிய சிகிச்சையும் வீண் பீதியும் விளையுமென்று ஆட்சேபிப்பவரும் உண்டு. இது தள்ளத்தக்க வாதமன்று. ஆயினும் ஒரு சிசுவை இழந்த தாய் மறுபடி கருவுறுமுன், அவளையும் அவள் கணவனையும் பரிசோதிப்பதற்கு என்ன ஆட்சேபம் இருக்கக்கூடும்?

ஜப்பானியரிடையே ‘1ஏ’ இல்லாதவர் மிக அரியர். ஐரோப்பியப் புஸ்தகத்தையே நம்பி அவர்கள் வாளாவிருக்கவில்லை. தம் ஜனங்களின் இரத்தத்தைத் தாமே ஆராய்ந்து, பின்னர் எச்.பி.ஏ.-4 எனப் பெயர்பெற்ற பிரிவை 1986-இல் வெளியிட்டனர். பற்பல வமிசங்கள் வாழும் நமது தேசத்துக்கு இது தக்க பாடம். இரவல் கணக்கைக் கொண்டு நம் குழந்தைகளைக் காக்க முடியாது. இரத்ததானம் செய்வோரில் சிலரையேனும் மரபணு வழியே பிரித்தறிந்து, பிரிவுவாரியாகப் பட்டியல் வைப்பது சர்க்காருக்கும் இரத்த நிலையங்களுக்கும் இயலாத காரியமன்று. அபூர்வப் பிரிவினர் ஒருவரின் பெயரும் விலாசமும் தக்க தருணத்தில் கிடைத்தால் ஒரு சிசு பிழைக்கும். அந்தத் தருணம் வந்தபின் தேடப் புறப்படுவது, தீப்பற்றிய பின் கிணறு வெட்டுவதாகவே முடியும்.