இராப்பண்ணும் இரவு வானொலியும்

இசைக்கும் பொழுதிற்கும் உள்ள தொடர்பினைத் தமிழர் நெடுங்காலத்திற்கு முன்னரே உணர்ந்திருந்தனர். தேவாரப் பண்களைப் பகற்பண், இராப்பண், பொதுப்பண் என மூவகையாக வகுத்தமை இதற்குச் சான்றாகும். புறநீர்மை காலைக்கு உரியது. இக்காலத்தில் அது பூபாளமாகப் பாடப்படுகின்றது. மேகராகக்குறிஞ்சி இரவிற்கு உரியது. அது நீலாம்பரியாக வழங்குகின்றது. வடநாட்டு இசையிலும் மால்கோஸ், தர்பாரி கானடா முதலியன இரவுக்குரிய இராகங்களாகப் போற்றப்படுகின்றன. ஆதலின், இரவு வானொலியில் சாஸ்திரீய இசைக்கு இடமளித்தல் வெறும் நேரத்தை நிரப்பும் செயலன்று. இவ்விராகங்களை அவற்றுக்குரிய பொழுதிலே செவிக்கு அளிக்கும் பணியுமாகும்.

இந்திய வானொலி சென்னையில் 1938ஆம் ஆண்டிலும், திருச்சியில் 1939ஆம் ஆண்டிலும் நிலையங்களை நிறுவியது. 1952இல் தேசிய சங்கீத நிகழ்ச்சி தொடங்கிற்று. சனிக்கிழமை இரவுகளில் நாட்டின் நிலையங்கள் யாவும் ஒரே கச்சேரியை அஞ்சல் செய்தன. அவ்வாண்டு முதல் 1962 வரை ஒலிபரப்புத்துறை அமைச்சராயிருந்த பி. வி. கேஸ்கர் சாஸ்திரீய இசைக்கு முதன்மையளித்துத் திரையிசையை ஒதுக்கினார். அதன் விளைவாக இந்திய நேயர் பலர் இலங்கை வானொலியை நாடினர். 1957இல் விவித பாரதி தோன்றியதற்கு இதுவும் ஒரு காரணமாகும். ஆயினும், நள்ளிரவை அண்மித்ததும் பெரும்பாலான நிலையங்கள் ஓய்ந்துவிடும். அக்குறையை நீக்க 1988ஆம் ஆண்டு மே 18ஆம் நாள் இரவு முழுதும் இயங்கும் தேசிய அலைவரிசை தொடங்கப்பெற்றது. செய்திகளோடு இசையும் அதில் இடம்பெற்றது. நாகபுரியில் நிறுவப்பெற்ற 1,000 கிலோவாட் வலுவுடைய பரப்பி, 1566 கிலோஹேர்ட்சில் மத்திய அலையாக அதனை அனுப்பியது.

மத்திய அலை இரவில் நெடுந்தூரம் செல்வதற்குக் காரணம் யாது? வளிமண்டலத்தின் மேற்பகுதியில் மின்னேற்றம் பெற்ற படைகள் சில உள. அவற்றுள் கீழ்ப்படை, பகலில் ஞாயிற்றின் கதிர்களால் வலுப்பெற்று அலைகளை உறிஞ்சிவிடுகின்றது. ஞாயிறு மறைந்ததும் அது தளர்கின்றது. அப்பொழுது அலைகள் அதனைக் கடந்து, உயரத்திலுள்ள படைகளில் மோதித் தொலைவிலுள்ள நிலத்திற்குத் திரும்புகின்றன. மேலும், உவர்நீர் நன்கு மின்கடத்துவதாகலின், நிலத்தையொட்டிச் செல்லும் அலைகளும் கடற்பரப்பின்மேல் அதிகந் தளராது செல்கின்றன. ஆகவே, புத்தளம் மாவட்டத்துக் கரையிலுள்ள கனமூலை போன்றதோர் ஊரிற்குக் கடலுக்கப்பாலுள்ள நிலையங்களின் இசை எட்டுவதற்கு இயற்கையே துணைபுரிகின்றது.

இந்நிலை பின்னர் மாறலாயிற்று. 2016ஆம் ஆண்டு சனவரி 26ஆம் நாள், பெங்களூரிலிருந்து ‘ராகம்’ என்னும் அலைவரிசை தொடங்கப்பட்டது. கர்நாடக, இந்துஸ்தானி இசைகளை இருபத்துநான்கு மணிநேரமும் வழங்குதல் அதன் நோக்கம். செய்மதியும் இணையமும் அதன் வழிகள். 2019 சனவரியிலோ, செலவுச் சுருக்கத்தைக் காரணங் காட்டித் தேசிய அலைவரிசை நிறுத்தப்பட்டது.

இம்மாற்றத்தை இழப்பு என்று மட்டும் கூறுதல் பொருந்தாது. முன்னர்ச் சில மணிநேரமே கிடைத்த இசை, இப்பொழுது எந்நேரமும் கிடைக்கின்றது. இரைச்சலின்றித் தெளிவாகக் கேட்கின்றது. கடல்கடந்த நாடுகளிலுள்ளோரும் கேட்கின்றனர். பெரும் பரப்பிகளை இரவெல்லாம் இயக்குதற்கு மின்செலவு மிகுதி என்பதும் மறுக்கத்தக்கதன்று.

எனினும், கேட்போரை நோக்குமிடத்து ஒரு வேற்றுமை புலப்படும். ஒருமுறை வாங்கிய சிறு வானொலிப்பெட்டிக்கு மின்கலமே போதும். தோணியிலிருக்கும் கடற்றொழிலாளியும், தென்னந்தோட்டத்துக் காவலாளியும், உறக்கமற்ற முதியோரும் வேறு கட்டணமின்றி இசை கேட்கலாம். இணையவழி கேட்பதற்கோ கைத்தொலைபேசியும் மாதந்தோறும் பணமும் வேண்டும். மற்றொன்று: இணையத்தில் நாடிச் செல்பவன் தான் அறிந்ததையே நாடுவான். வானொலியைத் திருப்புபவனுக்கோ, அவன் பெயரறியாத இராகமும் எதிர்ப்படும். ஆசிரியரை அடைய வாய்ப்பற்ற ஊர்களில் இசையறிவு பரவியமைக்கு இவ்வெதிர்பாராச் சந்திப்பும் ஒரு காரணமாகும்.

பொது ஒலிபரப்பின் பயனை நேயர்தொகை ஒன்றால் மட்டும் அளத்தல் தகாது. வேறு வாயில் இல்லாதவர்க்கு அது எதனை அளிக்கின்றது என்பதும் அளவுகோலாதல் வேண்டும். புதிய வழிகளைப் பேணுவதோடு, நள்ளிரவிற்குப்பின் ஓரிரு மணிநேரமேனும் மத்திய அலையிற் சாஸ்திரீய இசையை அஞ்சல் செய்தல் இருசாரார்க்கும் நன்றாம். இராப்பண் இரவிலே ஒலிப்பதும், அது எளியோர் செவியையும் எட்டுவதும் பொதுப்பணத்தால் நடைபெறும் வானொலியின் கடமைகளாம்.