ஒலுவில் கடலோரத்தில் ஓர் அறிவாலயம்



கிழக்கிலங்கையில் கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் நிந்தவூரைக் கடந்ததும், ஒருபுறம் நெல்வயல்கள் விரிந்து கிடக்கும். மறுபுறம் கடற்காற்று வந்து தழுவும். அங்கே ஒலுவில் என்னும் ஊரில் எழுந்து நிற்பதே இலங்கைத் தென்கிழக்குப் பல்கலைக்கழகம். உழவையும் மீன்பிடியையும் நம்பி வாழ்ந்த மக்களிடையே இத்தகைய கல்விக்கூடம் எவ்வாறு தோன்றியது? அவ்வரலாறு நம் இல்லந்தோறும் பேசப்பட வேண்டிய ஒன்றாகும்.

இப்பகுதியில் கல்வி வேட்கை திடீரெனப் பிறந்ததன்று. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கல்முனைக்கு உதவி அரசாங்க அதிபராக வந்த அறிஞர் ஏ.எம்.ஏ. அஸீஸ், வயல் செழித்திருந்தும் ஏட்டுக் கல்வி எட்டாத பிள்ளைகளைக் கண்டு வருந்தினார். 1942இல் கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கம் தோன்ற அவர் காரணமானார். 1945இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியும் அவர் முயற்சியால் உருவாயிற்று. அன்று இடப்பட்ட விதை முளைத்து மரமாவதற்கு அரை நூற்றாண்டு காலம் வேண்டியிருந்தது.

அதற்கு முன் பெருஞ்சோதனையொன்று வந்தது. நாட்டின் உள்நாட்டுப் போர் வடக்கையும் கிழக்கையும் வாட்டியபோது எல்லாச் சமூகத்தினரும் துயருற்றனர். 1990ஆம் ஆண்டு கிழக்கில் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தோர் கொல்லப்பட்டனர். வடக்கில் வாழ்ந்த முஸ்லிம்கள் ஊரைவிட்டே வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாணத்திலும் வந்தாறுமூலையிலும் பயின்ற முஸ்லிம் மாணவர்களின் பட்டப்படிப்பு இடைநடுவே தடைப்பட்டது. கையிலிருந்த புத்தகத்துடன் வீடு திரும்பிய மகனைக் கண்டு கலங்காத பெற்றோர் உண்டோ?

இக்காயத்துக்கு மருந்தாகக் கல்வியையே நாடினார், சம்மாந்துறையில் பிறந்தவரும் அக்காலத்தில் அமைச்சராக விளங்கியவருமான எம்.எச்.எம். அஷ்ரஃப். அவரது முயற்சியின் பயனாக 1995 அக்டோபர் 23ஆம் நாள் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி நிறுவப்பட்டது. அடுத்த ஆண்டே, 1996 மே 15ஆம் நாள், அது முழுமையான தேசியப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. 2000 செப்டம்பர் 16ஆம் நாள் ஹெலிகாப்டர் விபத்தில் அஷ்ரஃப் மறைந்தார். அவர் நட்ட மரமோ தொடர்ந்து வளர்ந்தது.

தொடக்கத்தில் கலை, கலாசாரப் பீடமும் முகாமைத்துவ, வர்த்தகப் பீடமும் இயங்கின. பின்னர் சம்மாந்துறையில் பிரயோக விஞ்ஞான பீடம் அமைந்தது. குவைத் நிதியத்தின் கடனுதவி கட்டடங்கள் எழத் துணைபுரிந்தது. 2005இல் இஸ்லாமியக் கற்கைகள், அரபு மொழிப் பீடம் உருவானது. பொறியியலும் தொழில்நுட்பமும் அதன்பின் வந்து சேர்ந்தன. அரபு இலக்கணம் பயில்வோரும் இயந்திரவியல் பயில்வோரும் ஒரே வளாகத்தில் உலவும் காட்சி, மார்க்க அறிவும் உலக அறிவும் பகையல்ல என்பதை உணர்த்துகிறதல்லவா?

இன்னொரு நன்மையையும் எண்ணிப் பாருங்கள். பல்கலைக்கழக அனுமதி கிடைத்தும், தொலைவை நினைத்து மகளை அனுப்பத் தயங்கிய தந்தையர் நம்மிடையே பலர். வீட்டு வாசலுக்கு அருகே கலைக்கூடம் வந்தபோது அத்தயக்கம் தளர்ந்தது. காலையில் சென்று மாலையில் திரும்பும் மகள், பட்டதாரியாகி ஊர்ப் பாடசாலையில் ஆசிரியையாகிறாள். அவள் மடியில் வளரும் பிள்ளையின் கல்வி அங்கேயே தொடங்கிவிடுகிறது.

ஆயினும் ஒன்றை நாம் மறந்துவிடலாகாது. ஒரு சமூகத்தின் கண்ணீரில் முளைத்த இக்கல்விக்கூடம் அச்சமூகத்துக்கு மட்டும் உரியதாக நின்றுவிடவில்லை. அரசின் இலவசக் கல்வியின்கீழ் நாட்டின் பல திசைகளிலிருந்தும் சிங்கள, தமிழ் மாணவர்களும் இங்கே வந்து பயில்கின்றனர். அன்று பல்கலைக்கழகக் கதவு தம் பிள்ளைகளுக்கு அடைபட்டதைக் கண்ட மக்களின் ஊர், இன்று பிறர் பிள்ளைகளுக்கும் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. இதைவிட மேலான பதில் வேறென்ன இருக்க முடியும்?

வாசிப்பை ஏவிய இறைமறையைக் கையில் ஏந்தியிருப்போர் நாம். நம் வீட்டில் உயர்கல்விக்குக் காத்திருக்கும் பிள்ளை ஆணாயினும் பெண்ணாயினும், அப்பிள்ளையின் வழியில் நம் தயக்கமே தடையாகிவிடக் கூடாது. அண்டை வீட்டுப் பிள்ளை வறுமையால் படிப்பை நிறுத்தினால், அஸீஸ் அவர்களின் நிதியை நினைவுகூர்ந்து நம் கையையும் நீட்டுவோமாக! வல்ல இறைவன் அதற்கு அருள் புரிவானாக!